காலிக் கட்டங்களில் எழுதிய டீச்சருக்கு

டீச்சர்,

இன்று காலை வகுப்பில், உங்கள் வரிசையை அழித்துவிடலாமா என்று ஒருவன் என்னிடம் கேட்டான்.

எம்.பி.ஏ. படிப்பவன், களமருதூர்க்காரன், கெட்டிக்காரன். இங்கே படித்து முடித்துப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கல்லூரி ஒரு கணக்கெடுப்பு கேட்டிருக்கிறது. அதை வகுப்புக்கே பயிற்சியாகக் கொடுத்துவிட்டேன். மாணவர்கள் ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, விடைகளை எக்செலில் ஏற்றியிருந்தார்கள். திரையில் விரித்தபோது ஒரு வரிசை மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. இடது ஓரத்தில் உங்கள் பெயர், வலது கடைசியில் ஏதோ இரண்டு வார்த்தை.

“மூணு வாட்டி போன் போட்டேன் சார். சுவிட்ச் ஆஃப். டெலிட் பண்ணிட்டா ஆவரேஜ் எல்லாம் கிளீனா வந்துடும்.”

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது என்பது அவனுக்குத் தெரியாது. “இரு” என்றேன். குரல் எப்படி வந்ததோ, வகுப்பு அடங்கிவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன்னால், இதே அறையில், ‘டெலிட்’ என்ற அதே வார்த்தையை உங்களிடம் சொன்னவன் நான்.

அது எனக்கு வேலையில் முதல் வருடம். எம்.எட்.டுக்கும் எம்.பி.ஏ.வுக்கும் சேர்த்து ஒரே புள்ளியியல் வகுப்பு, ஏனென்றால் அதற்கு ஆள் நான் ஒருவன்தான். ஒரு பக்கம் எப்போது வேலைக்குப் போவோம் என்று துடிக்கும் பிள்ளைகள்; மறுபக்கம் பல வருடம் பாடம் நடத்திவிட்டு வந்து, சூத்திரத்தைக் கண்டதும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் டீச்சர்கள். எனக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டேன் என்று முதல் நாளே அறிவித்தேன்.

“அப்பன்னா அந்த ஒரு தடவய மெதுவா சொல்லுங்க சார்” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அந்தக் குரல் உங்களுடையது.

என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் நீங்கள். வெள்ளிமலைக்கும் அப்பால் ஊர். மலைப்பள்ளியில் விடுப்புப் போட்டுவிட்டுப் படிக்க வந்திருந்தீர்கள். கச்சிராயப்பாளையத்தில் பஸ் மாறி நீங்கள் வந்து சேரும்போது முதல் மணி பாதி முடிந்திருக்கும். விட்டுப்போன பாதியைப் பக்கத்தில் இருப்பவரின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டே மீதிப் பாதியைக் கேட்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் வகுப்பில் ‘ஏன்’ என்று கேட்டது நீங்கள் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் ‘எந்த பட்டன்’ என்றுதான் கேட்டார்கள்.

உங்கள் ஆய்வு எளிமையானது. மலையில் சில ஊர்களில் நீங்களே மாலை வாசிப்பு வகுப்பு தொடங்கியிருந்தீர்கள். வகுப்பு நடந்த ஊர்ப் பிள்ளைகள், நடக்காத ஊர்ப் பிள்ளைகள். ஆரம்பத்தில் ஒரு வாசிப்புத் தேர்வு, ஆறு மாதம் கழித்து இன்னொன்று. இரண்டு பக்கமும் முன்னேற்றத்தை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் பென் டிரைவில் கொண்டுவந்த தாளை நான் திறந்தேன். சராசரி கேட்டதும் மென்பொருள் மறுத்தது. பார்த்தால், இரண்டாம் தேர்வின் மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டங்களில் எழுத்து. ‘கேரளா, மிளகு பறிக்க.’ ‘அம்மாகூட காப்பி எஸ்டேட்.’ ‘தம்பிய பாத்துக்க.’ இப்படிப் பத்தொன்பது பிள்ளைகளுக்கு.

“இன்னா சார் ஆச்சு?”

“என்ன ஆச்சா? நம்பர் போடுற எடத்துல கதை எழுதி வெச்சிருக்கீங்க டீச்சர்.”

“கதை இல்ல சார். ரெண்டாவது டெஸ்டு அன்னிக்கு அந்தப் புள்ளைங்க ஊர்லயே இல்ல.”

“இல்லன்னா காலியா விடுங்க.”

“காலியா வுட்டா அப்பிடி ஒரு புள்ளயே இல்லாத மாதிரி ஆயிடுமே. இருக்குதுங்க சார். இங்க இல்ல, அவ்ளோதான். நம்பர் இல்லன்னாலும் பேரு இருக்கட்டும்.”

“டெலிட் பண்ணுங்க. பத்தொன்பது வரிசையையும்.” நீங்கள் கைவைக்கும் முன்பே நானே அழித்தேன். மிச்சத்தை வைத்துச் சோதனையை ஓட்டினேன். முடிவு அழகாக வந்தது. மாலை வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் நின்றார்கள். தற்செயல் என்று யாரும் தள்ளிவிட முடியாத வித்தியாசம். “முடிஞ்சிது டீச்சர், பட்டம் வாங்கிட்டீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. திரையில் விரலை வைத்தீர்கள். எனக்குப் பிடிக்காத பழக்கம். “தூக்கிப் போட்டது யார் யாருன்னு பாருங்க சார்.”

திரும்பக் கொண்டுவந்து பார்த்தேன். பெரும்பாலும் மாலை வகுப்பு ஊர்ப் பிள்ளைகள். முதல் தேர்வில் கடைசியில் நின்றவர்கள்.

“மிளகு பறிக்கப் போற வூட்டுப் புள்ளைங்களுக்குன்னுதான் அந்தக் கிளாஸயே ஆரம்பிச்சேன். அதுங்கள எடுத்துட்டு, கிளாஸு நல்லா நடக்குதுன்னு எழுதினா, யாருக்கு நல்லா நடக்குது?”

விடுபட்டவை தற்செயலாகத்தான் விடுபட்டனவா என்று முதலில் பாருங்கள் — அதற்கு முந்தின வாரம்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். எழுதியவன் நான். கேட்டவர் நீங்கள்.

ஆனாலும் அன்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது. வெளியே போன குடும்பங்கள் மலைக்குத் திரும்புவது ஊர்த் திருவிழாவுக்கு. அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. காத்திருந்தால் உங்களுக்கு ஒரு வருடம் போய்விடும். பட்டத்தோடு வந்தால் மேல்வகுப்புக்குப் போடுகிறோம் என்று உங்கள் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அந்த இடம் ஒரு வருடம் சும்மா இருக்காது. “பைத்தியமா உங்களுக்கு?” என்று வகுப்பின் நடுவிலேயே கேட்டேன். அந்த வார்த்தைக்கு நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

“ஒரு வருசம் போனா போவுது சார்” என்றீர்கள். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள்.

திருவிழா அன்று நான் ஏன் பைக்கை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. தேர்வு சரியாக நடக்கிறதா பார்க்க வந்தேன் என்று நானாகச் சொல்லிக்கொண்டேன். வெளியே மேளம். பள்ளிக்கூடத்துக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துப் படிக்கச் சொன்னீர்கள். புதுப் பாவாடை கட்டியிருந்த ஒரு பெண்பிள்ளை, ராட்டினத்துக்கு நேரமாகிறதென்று ஒரே மூச்சில் பத்தியை முடித்தது. மேளச் சத்தத்தில் தவறு எத்தனை என்று எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. வாசலில் நின்ற அதன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா டீச்சர், இந்த சாரு எதுக்கு வந்துக்கினு இருக்காரு?”

“புள்ளைங்கள எண்றதுக்கு.”

“ஏன், உனுக்கு எண்ணத் தெரியாதா?”

“எனுக்குத் தேடத் தெரியும். எண்றதுக்கு அவருதான்.”

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அன்று சாயந்திரத்துக்குள் பத்தொன்பதில் பதினேழு பேர் கிடைத்துவிட்டார்கள். மற்ற இருவரின் குடும்பம் திருவிழாவுக்கும் வரவில்லை. அந்த இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டு, கடைசியில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, அதன் தலையில் ‘எங்கே?’ என்று எழுதினோம். எண்ணுக்கு எண் இடம், காரணத்துக்குக் காரணம் இடம். மென்பொருளும் முரண்டு பிடிக்கவில்லை. அதை முதல் நாளே சொல்லித்தந்திருக்க வேண்டியவன் நான்.

தாமதமாக நடந்த தேர்வை மற்றதோடு அப்படியே சேர்க்கக் கூடாது என்று எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அதையும் குறையாக எழுதச் சொன்னேன், எழுதினீர்கள். மறுபடி ஓட்டினேன். வித்தியாசம் கம்மியாகிவிட்டது. தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்கு.

திரையையே பார்த்தீர்கள். “அப்ப கிளாஸு வேஸ்ட்டா சார்?”

“அப்படிச் சொல்லல. பிரயோஜனம் இருக்குன்னு சொல்ல முடியல.”

“ரெண்டும் ஒண்ணு இல்லியே?”

“இல்ல.”

“அப்ப அதயே எழுதறேன்.”

எத்தனையோ பேருக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்காக ஒரு வருடத்தைக் கொடுத்தவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் உங்களைப் பிடித்துக்கொண்டார். எதையும் நிரூபிக்காத ஆய்வை எதற்குச் செய்தீர்கள் என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“வந்து குந்துன புள்ளைங்களுக்கு ஒதவுது சார். அம்மா அப்பாகூடப் போற புள்ளைங்களுக்கு ஒதவல. அப்பன்னா கிளாஸும் கூடப் போவணும். அது இதுலதான் தெரிஞ்சிது.”

அடுத்த முறை குடும்பங்கள் கிளம்பியபோது, பிள்ளைகளின் பையில் புத்தகம் வைத்து அனுப்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்டீர்கள். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்றுகொண்டு. மேல்வகுப்பு இடத்துக்கு அதற்குள் வேறொருவர் வந்துவிட்டார். அதைப் பற்றி உங்களிடம் கேட்டபோது, “சின்ன கிளாஸ்ல சத்தம் ஜாஸ்தி, தூக்கம் வராது, நல்லதுதான்” என்றீர்கள்.

மஞ்சள் காமாலை என்று எனக்குச் சொன்னார்கள். அதுவும் உங்களைக் கொல்லையில் அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்து. அதற்கு முன் ஏழெட்டு மாதம் நான் உங்களுக்குப் போன் செய்யவே இல்லை. வேலை இருந்தது. எல்லாருக்கும்தான் இருக்கிறது.

இப்போது என் வகுப்பில் யாரும் ‘எங்கே?’ என்ற நெடுவரிசை இல்லாமல் தாள் கொடுக்க முடியாது. வங்கி வாடிக்கையாளரோ பள்ளிப் பிள்ளையோ, விடை தராதவர் எங்கே என்று தேடிப் பார்த்து எழுத வேண்டும். திட்டிக்கொண்டே எழுதுகிறார்கள். களமருதூர்க்காரன் உங்களுக்கு நேராக எழுதியிருந்தது: ‘சுவிட்ச் ஆஃப்.’

அவனை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். நீங்கள் யார் என்று வகுப்புக்குச் சொன்னேன், ஒரு தடவை, மெதுவாக. பிறகு அந்தக் கட்டத்தில், ‘வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், சொந்தக் கொல்லையில்’ என்று எழுதினேன். மற்ற கட்டங்களை அப்படியே விட்டேன்.

அவன் தயங்கிக்கொண்டே கேட்டான். “அப்ப ஆவரேஜு, சார்?”

“வரும். பேரு இருக்கட்டும். ஒரு ஆள் கம்மின்னு முதல் பக்கத்துலயே எழுது.”