பதினோரு நீலப் பூச்செடிகள்

அன்புள்ள நைனாவுக்கு,

வணக்கத்துடன் செங்கொடி எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறாளா? இந்த இமயமலை முகாமில் சிக்னல் இல்லை, அதனால்தான் கடிதம்.

நாங்கள் தேடி வந்த நீலப் பூச்செடி கசகசாச் செடியின் இனம். தண்டெல்லாம் முள். சில வருடம் வெறும் இலையாக இருந்து, ஒரே ஒரு முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும். பத்து வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அதைப் பார்க்கவில்லை. இந்த முறையும் கிடைக்காவிட்டால் அழிந்துவிட்டது என்றே எழுதிவிடுவார்கள்.

தேடலின் கடைசி நாளன்று எங்கள் குழுத் தலைவர், "நீ கடலோரத்துப் பெண், மேலே மூச்சு முட்டும், கீழேயே இரு" என்றார். விடாமல் கேட்டு, வழிகாட்டி தோர்ஜேயுடன் சரளைக்கல் சரிவில் ஏறினேன். ஓரிடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லவேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் பாறை இடுக்கில் பதினோரு செடிகள், எல்லாம் பூத்திருந்தன.

"நைனா, இங்க பாரு, இன்னா நீலமா கீது" என்று கத்திவிட்டேன். தமிழ் தெரியாத தோர்ஜே சிரித்தார்.

பதிவேட்டில் கண்டுபிடித்தவர் என்று என் பெயரை எழுதிய தலைவர், ஊர் சென்னை என்று போட்டார். வியாசர்பாடி என்று மாற்றச் சொன்னேன். இரண்டு முறை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, திருத்தி எழுதினார்.

விதை முற்றும்வரை இந்த முகாமிலேயே இருப்போம், கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். அம்மாவின் போர்வை ஒன்றும் வையுங்கள். புதிது வேண்டாம், அவள் போர்த்திக்கொள்வதே வேண்டும்.

தபால் கொண்டுபோகும் ஜீப் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்
செங்கொடி