பால் காய்ச்சாத வீடு

கிரான்பர்ன், மெல்பேர்ண்
11 மார்ச் 2012

அன்பின் வினுஷாவின் அப்பாவுக்கு,

தோள்வலி எப்படி? எண்ணெய் பூசச் சொன்னால் பூசமாட்டீர்கள், தெரியும். நானும் பிள்ளையும் சுகம். போனில் கேட்டால் "ஓம், வாறன்" என்று கதையை முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அப்படித் தப்ப முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் கட்டிய புதுவீட்டின் திறப்பு கைக்கு வந்துவிட்டது. ஆனால் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். சாமான்களைப் பெட்டிகளில் கட்டி வைத்துவிட்டு, ஒரு கரண்டி தேடுவதற்கு நாலு பெட்டி அவிழ்க்கிறேன். புருஷன் உயிரோடு இருக்க, நான் தனியாக நிறைகுடம் தூக்கிக்கொண்டு குடிபூர முடியுமா? நீங்கள் வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும், பால் பொங்க வேண்டும். தென்னாபிரிக்காவுக்குத் தவில் வாசிக்கப் போகும்போது, தைப்பூசம் முடிய வருவேன் என்றீர்கள். தைப்பூசம் முடிந்து ஒரு மாதமாகிவிட்டது.

உங்கள்
ராணி

*

சட்ஸ்வேர்த், டேர்பன்
29 மார்ச் 2012

என் அன்பு ராணிக்கு,

கோபத்தை உறையில் போட்டு முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். பத்திரமாகக் கிடைத்தது.

வரக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. பெரிய வெள்ளிக்கு இங்கே மாரியம்மன் திருவிழா. அந்தக் காலத்துக் கரும்புத் தோட்டங்களில் அன்றுதான் லீவு கிடைத்ததாம், அதனால் அம்மனும் அந்த நாளுக்குப் பழகிவிட்டாள். ஊர்வலத்துக்கு என்னைத் தவிர வேறு தவில்காரன் இல்லை. அங்கே எனக்கு என்ன இருந்தது, சொல்லு பார்ப்போம். பகல் முழுவதும் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை, வருடத்தில் ஒருநாள் த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோயிலில் வாசிப்பு. வீட்டில் தவிலைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்குப் போன் பண்ணுவான். இங்கே நான் வாசிக்கத் தொடங்கினால் வீதியே வாசலுக்கு வந்துவிடும். தமிழ் கதைக்கத் தெரியாத சனம், ஆனால் அடிக்குத் தலை தப்பாமல் ஆடும்.

வைகாசியில் நிச்சயம் வாறன். பிள்ளைக்கு முத்தம்.

உன்
கேதீஸ்

*

கிரான்பர்ன்
17 ஜூன் 2012

அன்பின் வினுஷாவின் அப்பாவுக்கு,

வைகாசியும் போய்விட்டது. இன்னும் ஒரு மாதத்தில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் குடிபூரமாட்டார்கள். வாடகை வீட்டுக்காரன் தன் மகனுக்கு வீடு வேண்டுமென்று எங்களை எழும்பச் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுவீட்டுக்குப் போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வருகிறேன். வெறும் நிலத்தில் குந்தியிருக்க எனக்கு விசர் பிடிக்கிறது. எழும்பி நடக்கிறேன், குசினிக் குழாயைத் திறந்து பூட்டுகிறேன், கராஜுக்குப் போய் வருகிறேன். சச்சிதானந்தம் அண்ணையின் மனைவி சந்திரகலாவும் நாங்கள் வீடு கட்டிய வீதியில்தான் இருக்கிறா. "ஏன் அக்கா, வீட்டைக் காவல் காக்கிறியளோ?" என்று கேட்டா. சிரித்துவிட்டு காருக்குள் இருந்து அழுதேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம். உங்களைக் காணாமல் இருக்கவும் முடியவில்லை. வருகிறீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
ராணி

*

சட்ஸ்வேர்த்
8 ஜூலை 2012

அன்பு ராணிக்கு,

உடனே பதில் எழுதாமல் இருந்தது என் பிழை. எப்படி எழுதுவதென்று யோசித்துக்கொண்டே திரிந்தேன்.

எங்கள் வீதியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் பார்த்தசாரதி நாயுடு என்று ஒருவர் இருக்கிறார். பொதுச் சுவர், அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். வெள்ளைக்கார அரசாங்கம் இந்தியச் சனத்தை நகரத்திலிருந்து கிளப்பி, லொறிகளில் ஏற்றி இந்த மலைச்சரிவில் கொண்டுவந்து இறக்கியபோது அவர் சின்னப் பெடியனாம். பழைய இடத்தில் வாழைத்தோட்டம், கோயில், சொந்தக்காரர் எல்லாம் இருந்தது. இங்கே ஈரம் காயாத சீமெந்து வீடுகள், உள்ளே கதவுகூட இல்லை. யார் எந்த வீட்டுக்கென்று அதிகாரி சொன்னதுதான். நல்லநாளும் இல்லை, ஐயரும் இல்லை. இவருடைய தாய் உள்ளே போகமாட்டேன் என்று மழைக்குள் நின்றிருக்கிறா. அப்போது முன்பின் தெரியாத பக்கத்து வீட்டுக்காரி மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சி, "வா உள்ளே" என்று கையைப் பிடித்திருக்கிறா. அன்றிலிருந்து இந்த வீதியில் யார் குடிவந்தாலும் பால் காய்ச்சுவது பக்கத்து வீட்டார்தான். வீட்டுக்காரர் அடுப்பைத் தொடவும் விடமாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் காய்ச்சினார்கள்.

இப்படிப்பட்ட சனத்தை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை, ராணி. கோயில் சபையார் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார்கள். ஓம் என்றுவிட்டேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நீ இங்கே வந்தால் என்ன? அந்த வீட்டை வாடகைக்கு விடலாம். யோசித்துப் பார்.

உன்
கேதீஸ்

*

கிரான்பர்ன்
12 ஓகஸ்ட் 2012

வினுஷாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே கும்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் வாசித்தேன். முதலில் ஆத்திரம் வந்தது. எங்கேயோ ஒரு வீதிக்கு உங்களைக் கொடுத்துவிட்டு, நான் இங்கே தையும் வைகாசியும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். பிறகு, மழைக்குள் நின்ற அந்தத் தாயை என்னால் மறக்க முடியவில்லை. அவவுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. எனக்கும் இல்லை.

நேற்றுக் குடிவந்துவிட்டோம். ஓம், ஆடியில்தான். நாள் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்து வீட்டு ஆப்கான்காரி ஸர்மினாவிடம் போய், எங்கள் வீட்டில் பால் காய்ச்சித் தர முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, ஏலக்காய் போடலாமா என்றுதான் கேட்டா. சந்திரகலா நிறைகுடம் வைத்தா. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, புகை அலாரம் கத்தி, வினுஷா கதிரையில் ஏறித் துவாயால் விசிறினாள். நான் கதவடியில் நின்றேன். ஸர்மினா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. எவ்வளவோ நாளுக்குப் பிறகு நேற்று நன்றாக நித்திரை கொண்டேன்.

நாங்கள் அங்கே வரமாட்டோம். நீங்கள் அங்கேயே இருங்கள். நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. உங்களுக்கு அங்கே ஒரு வீதி கிடைத்துவிட்டது, எனக்கும் பிள்ளைக்கும் இங்கே ஒன்று வேண்டும்.

பிள்ளையைப் பார்க்க எப்போதும் வரலாம். வருவதென்றால் முதலில் போனில் ஒரு கோல் எடுத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
யோகராணி