டேங்க் இல்லை என்றவர்கள்

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நீ மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து நம் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளுக்கு வேறு பெட்ரோல் டேங்க் தேடி அலைகிறேன். பழையது அன்று நான் வண்டியோடு விழுந்ததில் நசுங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. கைக்கட்டை அடுத்த வாரம் பிரித்துவிடுவார்கள்.

சேலத்திலும் குமாரபாளையத்திலும் கடைக்காரர்கள் தேடிப் பார்க்காமலேயே இல்லை என்றார்கள். நேற்று திருச்செங்கோட்டில், உதிரிபாகக் கடை சின்னுசாமியின் தலைக்கு மேலேயே அந்த டேங்க் தொங்கியது.

"இருக்குதுங்க. ஆனா உங்களுக்குத் தர முடியாதுங்க. உங்க ஊட்டுக்காரம்மா போன் போட்டுச் சொல்லிட்டாங்க."

"வண்டி என்னுதுங்க."

"உடைஞ்ச கையும் உங்களுதுதானுங்களே," என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நான் விழுந்த கதையைச் சொல்லியிருக்கிறாய். என் போனை எடுக்க மட்டும் உனக்கு நேரமில்லை. இது என்ன நியாயம்? அறுபத்தெட்டு வயதில் வண்டி ஓட்ட நான் ஊரெல்லாம் அனுமதி கேட்க வேண்டுமா?

நீ நேரில் வந்து சொன்னால் தருவாராம். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. வா. கொடுக்காதீர்கள் என்று சொல்வதானாலும் என் பக்கத்தில் நின்று சொல்.

பஸ்ஸில் போய் வெறுங்கையோடு திரும்பிய
உன் வீட்டுக்காரன்