இரண்டு நம்பர் கிளாரினெட்

அப்பா, காய்ந்த சந்தனத்தில் ஈரம் பட்டதும் வீடே உன் வாசனையாகிவிட்டது. கிளாரினெட்டில் மேல்துண்டும் கீழ்த்துண்டும் சேருகிற இடத்தில், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீ அப்பி வைத்தது, ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. ஈரத் துணியால் நான்தான் துடைத்தேன், பயந்துகொண்டே. "சாமி குந்திக்கினு கீது, தொடாத" என்ற உன் அதட்டல் போன தை மாதம் உன்னோடு போய்விடவில்லை.

ஊதத் தெரியாதவளுக்கு அது எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அதை யார் செய்தது, எத்தனை வயது என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. கள்ளக்குறிச்சியில் பேண்டு வாத்தியம் பழுது பார்ப்பவர்தான், சந்தனத்துக்கு அடியில் நம்பர் இருக்கும், எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

மறுநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி மேலே.

"பிரான்சு சரக்கும்மா. மேல்துண்டுக்கு எண்பது வருசத்துக்கு மேல இருக்கும். கீழ்த்துண்டு அதே கம்பெனி, ஆனா பின்னாடி வந்தது, அதான் ஒசத்தி. ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கணும். இங்க வேற வேற கீது. ரெண்டு கிளாரினெட்டுல பாதி பாதி இது."

பிறகு அவராகவே சொன்னார்: "போன வருசம் வெள்ளிமலைக்காரர் ஒருத்தர் கொண்டாந்ததும் இதே கததான்."

வெள்ளிமலை என்றதும் அது யார் என்று தெரிந்துவிட்டது. உன்னோடு பேண்டு செட்டில் ஊதியவர். நீ செட்டை மாற்றிக்கொண்ட பிறகும் நம் வீடு தேடி வருவாரே, ஒவ்வொரு தடவையும் நீ குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாயே. "அப்பா வூட்ல இல்லன்னு சொல்லு" என்பாய். கடன்காரர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சந்தனத்தை நீ சாமிக்குப் பூசவில்லை, நம்பரை மறைக்கப் பூசியிருக்கிறாய். அதை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் இறங்கிவிடலாமா என்றிருந்தது. அவர் ஊரைக் கூட்டி வைத்து உன்னைத் திருடன் என்று சொன்னால் நான் என்ன செய்வேன்?

அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். யார் மகள் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். குரலில் கோபமே இல்லை.

"சங்கராபுரத்துல ஒரு கல்யாணம்மா. ஊர்வலம் போய்க்கினு இருக்க சொல்ல மழை புடிச்சிக்கிச்சி. மரம் நனையக் கூடாதுன்னு ரெண்டு பேரும் கழட்டி ஒரே துணியில சுருட்டினோம். பிரிச்சி எடுக்கறப்ப மாறிப்போச்சி. ஒங்கப்பாருக்குத் தெரியாது போல. எத்தினியோ தபா வந்தேன், ஆள் சிக்கல."

தெரியாது போல என்றாரே, அந்த நல்ல மனசுக்கு முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை.

"மூச்சு கம்மியாய்க்கினே வருது. சாவறதுக்குள்ள என் சொந்தக் கிளாரினெட்டுல ஒரு தபா ஊதிப் பாக்கணும். என் கீழ்த்துண்டு எங்க கீதும்மா?"

என் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. ஜிப்பில் கை வைத்தேன். அந்தக் கீழ்த்துண்டைக் கொடுத்துவிட்டால் நீ ஊதி நான் கேட்ட சத்தம் இனி இந்த உலகத்தில் எதிலும் இருக்காது என்று அந்த நொடியில்தான் உறைத்தது.

"அப்பாகூடவே குழியில வெச்சிட்டோங்க" என்றேன்.

அவர் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை வெள்ளிமலை பஸ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். அவருக்கு எவ்வளவு மூச்சு மிச்சமிருக்கிறதோ தெரியவில்லை. கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். உன்னைக் குற்றம் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், அப்பா. நேற்று புதிதாகச் சந்தனம் அரைத்து அந்த நம்பர்களின் மேல் பூசிவிட்டேன்.