முன்வாசல் தண்ணீர், பக்கவாசல் தண்ணீர்

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகனும் சின்னக்குட்டியும் காய்ச்சல் சளி அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல உட்கார்ந்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். மூன்றாம் வகுப்புக்காரியின் எழுத்து, தப்பு இருந்தால் சிரித்துக்கொள். அப்பா போய் மூன்று மாதமாகிறது. அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீ இன்னும் அழுவதாக மருமகன் சொன்னார். அழாதேம்மா, இதைப் படி, நெஞ்சு நிமிரும்.

நீ போனபின் நம் சபை இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்த கதை உனக்குத் தெரியும். புது ஒலிபெருக்கியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தொடங்கியது, ஆறு வருஷம் ஓடிவிட்டது. தையல்கடை அண்ணன் ஆட்கள் முன்வாசல் வழியாக வருவார்கள், மைக் மாமா ஆட்கள் பக்கவாசல் வழியாக. மைக் மாமா யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிடித்த மைக்கை விடாதவர். குடிக்கிற தண்ணீருக்குக்கூட வாசலுக்கு ஒரு டிரம். பக்கவாசல் தண்ணீரில் பாசி நாற்றம் என்பார்கள் இவர்கள், முன்வாசல் தண்ணீர் உப்பு என்பார்கள் அவர்கள். தங்கள் ஆட்களில் யாரோ நிரப்பி வைக்கிறார்கள் என்றுதான் இரண்டு பக்கமும் நினைத்தது. இரண்டையும் நிரப்பியது உன் அப்பா. சனிக்கிழமை அச்சகத்தில் பைண்டிங் வேலை முடிந்ததும், அந்தக் கையில் பசைகூடக் காயாமல், அச்சகத்துக் குழாயில் பிடித்துக் குடம் குடமாகச் சுமப்பார். நீங்க சபைத் தலைவரா தண்ணிக்காரரா என்று நான் சண்டை போடுவேன். ரெண்டும் ஒண்ணுதான்டி என்பார். யாரிடமும் சொல்லிடாதே, தெரிஞ்சா ரெண்டு பக்கமும் குடிக்க மாட்டாங்க என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அவரை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயிறு இரண்டு டிரம்மும் காலி. நான் படுத்த படுக்கை, எனக்கு எங்கே நினைப்பு. உங்கள் ஆட்கள்தான் வேண்டுமென்றே கொட்டினார்கள் என்று இவர்கள், நீங்கள்தான் என்று அவர்கள். பேச்சு முற்றி, இனி ஒரு கூரையின் கீழ் சரிப்படாது, இரண்டு சபையாகப் பிரிந்துவிடுவோம் என்று தாளும் எழுதிவிட்டார்கள். போதகர் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். போன மாதம் ஆராதனை முடிந்ததும் கையெழுத்துப் போட மேசை போட்டார்கள். அப்பா பன்னிரண்டு வருஷம் கட்டிக்காத்த சபை என் கண் முன்னாலேயே போகிறதே என்று, ஆமென் தவிர வேறு வார்த்தை அங்கே பேசியறியாத நான் எழுந்துவிட்டேன். மைக் மாமா தன் ஆயுளில் முதல்முறையாக மைக்கை நீட்டினார், வேண்டாமென்று சொன்னேன். யாரும் கொட்டல, ஊத்துற ஆளு போயிட்டாரு, ரெண்டு டிரம்முக்கும் ஒரே குழாய்த் தண்ணிதான் என்றேன். சத்தியத்தை மீறிவிட்டேன், அவர் மன்னிப்பார். அப்புறம் பக்கவாசல் பெஞ்சிலிருந்து பால்காரக்கா, அடப்பாவி மனுஷா, எங்க தண்ணிதான் இனிப்புன்னு ஆறு வருஷமா பீத்திக்கிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. தையல்கடை அண்ணன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், இன்றுவரை வெளியே எடுக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை நான் ஒரு சின்ன வாளியோடு அச்சகத்துக்குப் போனேன். அங்கே குழாயடியில் தையல்கடை அண்ணனும் மைக் மாமாவும் ஒரு குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ விடுய்யா, உனக்கு இடுப்பு வலி என்கிறார் இவர், உன் இடுப்பு மட்டும் இரும்பா என்கிறார் அவர். சபையில் இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னமும் இரண்டு வாசல்தான், இரண்டு பக்கம்தான். ஆனால் டிரம் ஒன்றுதான், நடுவில் இருக்கிறது.

உன்னை அங்கே பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியாக்கியிருக்கிறார்கள் என்றாயே, சந்தோஷம். கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்கும் வேலையை முதலில் கேட்டு வாங்கிக்கொள், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். சின்னக்குட்டியின் புதுப்பல் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்ப மறந்துவிடாதே. அப்பாவைத் தாங்கின கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தண்ணீர்க்காரர் மனைவி என்று இப்போது எல்லாரும் அழைக்கிற
உன் அம்மா

ஒன்று விட்டுப்போயிற்று. சபையில் எல்லாரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன், யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள், நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஆறு வருஷம் இரண்டையும் நிரப்பின மனுஷன், தாகமெடுத்தால் எந்த டிரம்மில் குடித்தார், சிட்டு?