இறங்க இருபது நிமிடம்

வியாழக்கிழமை, மதியம்

மரியாதைக்குரிய மேற்கு அக்காவுக்கு,

கிழக்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து ஊசி எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். முழங்கால் வலி தேவலையா? மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதீர்கள், ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள் என்று போன வருடமே சொன்னேன். நீங்களாவது கேட்பதாவது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். மழைக்குழுவை விட்டும் போய்விட்டீர்கள். எனக்கு மழைமானி வாங்கி அனுப்பினீர்களே, அந்தப் பெட்டியின் மேல் உங்கள் கடை முகவரி இருந்தது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஐந்து வருடம் தினமும் பேசியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை நாம். மேகத்தைத் தவிர வேறெதைப் பேசினோம்?

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை முதல் என் வீட்டுக்காரர் மறுபடியும் கிரேன் ஏறுகிறார். பத்து மாதமாகப் பட்டறையில், தரையில் வேலை. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது புதுக் கட்டடம், பதினெட்டு மாடி. கிரேனின் கூண்டு அதற்கும் மேலே. காலையில் ஏணியில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டுத் தூக்கு கயிற்றில் மேலே போகும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். அந்த உயரத்தில் மழையால் பயமில்லை. மழைக்கு முன்னால் ஓடி வருகிற காற்றுதான் பயம். கிரேன் உச்சியில் ஒரு காற்றுமானி வைத்திருக்கிறார்கள். அது வந்துவிட்ட காற்றைத்தான் சொல்லும். தொங்குகிற சுமையைக் கீழே வைத்து, கிரேனின் கையைக் காற்றின் போக்குக்கு அவிழ்த்துவிட்டு, ஏணி ஏணியாக இறங்க அவருக்கு இருபது நிமிடம் வேண்டும். வானொலியில் தினமும் ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று சொல்கிறார்கள். அந்த ஓரிரு இடம் எது என்று கண்டுபிடிக்கத்தானே அக்கா நாம் ஆறு பேர் கூடினோம்? மலை மேல் கிளம்பும் மேகம் முதலில் உங்கள் கடை வாசலுக்குத்தான் வரும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு முக்கால் மணி நேரம். நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

போன வருடம் நான் குழுவில் எழுதியது தப்பு. நீங்கள் இரண்டு தடவை சொல்லி இவர் இறங்கினார், இரண்டு தடவையும் மேகம் பாதி வழியில் கரைந்துபோனது. கட்டடத்து மேற்பார்வையாளர், வீட்டிலிருந்து வானிலை அறிக்கை வந்துவிட்டதா என்று இவரை எல்லார் முன்னாலும் கேட்டாராம். அந்த ஆத்திரத்தில், மேற்கு அக்காவுக்குக் கொசு கூட்டமாகப் பறந்தாலும் கருமேகம்தான் என்று எழுதிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஊசி என்று எனக்குப் பெயர் வைத்தது தையல் வேலைக்காக மட்டும் இல்லையே. மன்னித்துவிடுங்கள்.

அதற்கப்புறம் மே மாதத்தில் நடந்ததை இப்போது கிளற வேண்டாம். யாருக்கும் நல்ல நேரம் இல்லை, அவ்வளவுதான்.

குழுவுக்கு வாருங்கள் அக்கா. இல்லாவிட்டால் என் எண்ணையாவது திறந்துவிடுங்கள். நீங்களும் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊசி


புதன்கிழமை, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

பதிவுத் தபால் அட்டையில் உங்கள் கையெழுத்து வந்துவிட்டது. ஆகவே கடிதம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. பன்னிரண்டு நாளாகத் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் ஓடிப்போய் நிற்கிறேன். நேற்று அவரே, ‘ஒண்ணும் இல்லைம்மா, போய் வேலையைப் பாருங்க’ என்று சொல்லிவிட்டார்.

வேலையை எங்கே பார்ப்பது? பள்ளிக்கூடச் சீருடை நூற்றிருபது தைத்தாக வேண்டும். மதியம் இரண்டு மணி ஆனால் கை ஓடாது. நேற்று ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டியைக் கைப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்க ஒரு மணி நேரம். தையல் இயந்திரத்தை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறேன். மேற்கே பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாடிக்கு ஓடுகிறேன். கீழ்வீட்டு அம்மா, என்னம்மா வயிற்றுக் கோளாறா என்று கேட்கிறாள்.

வெயில் கொளுத்துகிறது. காற்றில் ஒரே பிசுபிசுப்பு. மூன்று மணிக்கு மேற்கே மேகம் காலிஃபிளவர் மாதிரி திரண்டு எழுகிறது. போன வருடமாக இருந்தால் இதைப் பார்த்து நானும் நீங்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்திருப்போம். இப்போது அது ஒவ்வொரு அடி உயரும்போதும் நான் போனைக் கையில் எடுக்கிறேன்.

இந்தப் பத்து நாளில் மூன்று முறை அவரைக் கூப்பிட்டு இறங்கச் சொன்னேன். மூன்று முறையும் ஒரு சொட்டுகூட இல்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நேற்று சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “நீ பயத்துல கூப்பிடுறே. உனக்கு வானமும் தெரியல, மேகமும் தெரியல இப்போ. அந்த அக்கா சொல்லட்டும், நான் இறங்குறேன்.” பிறகு, மே மாதம் அன்றைக்கு மட்டும் அந்த அக்கா ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்று கேட்டார். இதைப் பத்து மாதமாகக் கேட்கிறார். நான் பத்து மாதமாகப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.

கிளற வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? அதைப் படித்தபோது உங்களுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே எழுதப் போகிறேன். என் கையால் ஒரு தரம் எழுதினால்தான் எனக்கு மூச்சு வரும்.

அன்று நீங்கள் செய்தி அனுப்பினீர்கள். இரண்டு நாற்பதுக்கு. குழுவில் போட்டால் மறுபடி சிரிப்பார்கள் என்று எனக்குத் தனியாக அனுப்பினீர்கள். ‘கடைப் பலகை பறந்துவிட்டது. இது பெரியது. அவரை இறங்கச் சொல்’ என்று மூன்றே வரி. வந்த நிமிடமே பார்த்தேன்.

பார்த்துவிட்டு ரேடார் படத்தைத் திறந்தேன். அதில் ஒன்றுமில்லை. இரண்டு இருபது மணிப் படம் அப்படியே உறைந்து நின்றது. அடுத்த படம் வரட்டும், உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவையும் இவரை இறங்கவைத்து மேற்பார்வையாளரிடம் கேலிப்பேச்சு வாங்கித்தர மனமில்லை. கண்ணால் பார்த்து எழுதிய உங்களைவிட, உறைந்துபோன படத்தை நம்பினேன்.

அது மட்டும் என்றால் முட்டாள்தனம் என்று போகலாம். மூன்று ஐந்துக்கு மாடி ஏறினேன். அக்கா, அந்த மேகம். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கறுப்பு அலமாரித் தட்டு மாதிரி, அடியில் பச்சை வெளிச்சத்தோடு உருண்டு வந்தது. ஐந்து வருடமாக நாம் காத்திருந்த மேகம். அப்போதுகூட நேரம் இருந்தது. கையில் போன் இருந்தது. அந்தப் போனில்தான் நான் வீடியோ எடுத்தேன். பதினான்கு நிமிடம். கை ஆடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு.

அந்த வீடியோவை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், எப்படிப் புகழ்ந்தார்கள். அதில் ஐந்தாவது நிமிடத்தில், மேகத்துக்குக் கீழே வலது ஓரத்தில் ஒரு குச்சி மாதிரி கிரேன் தெரிகிறது. அதன் உச்சியில் என் புருஷன் உட்கார்ந்திருக்கிறார். எடுக்கும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்கு மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். காற்று கிரேனைச் சுற்றிச் சுற்றி அடித்தது. இருபத்தைந்து நிமிடம் கூண்டுக்குள் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். கீழே நின்று அவருக்குக் கைகாட்டும் சிக்னல்காரர் மேல் தகரம் பறந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. இப்போது அவர் கட்டட வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார், ஒரு கால் குட்டை.

குழுத்தலைவர் சார் அன்று சாயங்காலம், மேற்கிலிருந்து தகவல் வரவில்லையா என்று கேட்டார். எனக்கு எதுவும் வரவில்லை என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் குழுவை விட்டுப் போனீர்கள். செய்தியைக் காட்டியிருந்தால் என் மானம் போயிருக்கும். நீங்கள் காட்டவில்லை. ஏன் அக்கா காட்டவில்லை? திட்டியிருக்கலாமே, நாலு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே.

உங்கள் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக.

பாவி,
ஊசி


சனிக்கிழமை, விடியற்காலை

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் வரும். அதனால் முதல் பேருந்து நடத்துநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கடை பேருந்து நிலையத்துக்கு எதிரில்தான் என்று அவருக்குத் தெரியுமாம், உங்களிடம் இருமல் மருந்து வாங்கியிருக்கிறாராம்.

திங்களும் செவ்வாயும் பெரிய இடிமழை என்று குழுத்தலைவர் சார் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நேற்றே கீழ்க்காற்று நின்றுவிட்டது. காயப்போட்ட துணி ராத்திரி முழுக்கக் கிடந்தும் ஈரம் போகவில்லை. கட்டடத்தில் வேலையை நிறுத்த மாட்டார்கள். திங்கட்கிழமை பதினேழாவது மாடிக்கு இரும்பு ஏற்ற வேண்டுமாம்.

வியாழக்கிழமை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் செய்தி, ரேடார் படம், வீடியோ, பொய். அவர் வேலைக்குப் போகும் அவசரத்தில் ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மேல இருந்து நம்ம மாடி தெரியும். நீலத் தொட்டி பக்கத்துல நீ நின்னுட்டிருந்ததை நான் பார்த்தேன். மேற்க இருட்டுதேன்னு எனக்கும் தோணுச்சு. நீ நிதானமா நிக்கிறியே, அப்போ இன்னும் நேரம் இருக்குன்னு நினைச்சேன்.”

நாடாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். வெகுநேரம் அழுதேன்.

நேற்று குழுவிலும் எழுதினேன். உங்கள் செய்தியையும் மணியோடு போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிக்னல்காரர் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, நான் சொன்னதை முழுசாகக் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

இதையெல்லாம் உங்கள் மனம் இரங்க வேண்டும் என்று எழுதவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம். என் எண்ணைத் திறந்துவிட வேண்டாம். எனக்கு ஒரு வரி பதில்கூடப் போட வேண்டாம். இந்தக் கடிதத்தோடு தனித் தாளில் அவர் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். மலை மேல் கறுத்தால் அவரை நேராகக் கூப்பிடுங்கள். உங்கள் எண்ணை அவர் போனில் பதிந்து வைத்துவிட்டேன். பேசக்கூட வேண்டாம், ஒரு தரம் மணி அடித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

நடுவில் நான் வேண்டாம் அக்கா.

மூன்று தடவை மேகம் கரைந்துபோனாலும் நான்காவது தடவையும் கூப்பிடுங்கள். கொசுக் கூட்டமாக இருந்தாலும் கூப்பிடுங்கள். அவர் இறங்குவார்.

நீங்கள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவர் மனைவி