மூன்றாவது முறை கேட்டால்

மார்ச் 4

வேளாண்மை அலுவலகத்தில் என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் மலைநாட்டில் தேர்தலில் நிற்பவள் அரசு வேலையில் இருக்கக் கூடாது. தோற்றாலும் திரும்பிப் போக முடியாது.

எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு மிளகாய் கிள்ளிக்கொண்டே என் கணவர் நாம்கே கேட்டார்: "தோத்துட்டா?"

"உங்க கடையில பாத்திரம் கழுவறேன்."

"அதுக்கு ஏற்கனவே ரெண்டு பேர் காத்திருக்காங்க."

சிரித்தோம். அவர் சிரிப்புதான் முதலில் நின்றது.

மார்ச் 19

மேல் கிராமம் முழுக்க ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "கண்டிப்பா உங்களுக்குத்தான் லா." மரியாதைக்கு அந்த 'லா' வேறு. என்னை எதிர்த்து நிற்கும் உக்யெனிடமும் போன வாரம் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே மறுப்பது எங்கள் ஆட்களுக்கு வராது. எனக்கும் வராது. அப்படியானால் யாருடைய 'சரி' உண்மையான சரி? எப்படித்தான் தெரிந்துகொள்வது?

மார்ச் 20

மழை. முழங்கால் வீக்கம்.

மார்ச் 23

பிரசாரம் முடியும்வரை எந்த வீட்டிலும் எதுவும் குடிக்கக் கூடாது என்பது கட்சியின் கட்டளை. பெல்சோம் அக்கா வெண்ணெயில் முட்டை பொரித்துப் போட்ட அராச் சாராயம் கொண்டுவந்தாள். கையால் வாயைப் பொத்தி, "மெஷு மெஷு, வேண்டாம்க்கா" என்றேன். ஊற்ற வந்தாள். மறுபடி மறுத்தேன். சந்தோஷமாகக் குனிந்தாள் — இரண்டு முறை மறுப்பதுதானே மரியாதை! மூன்றாம் முறையும் மறுத்ததும் முகம் செத்துவிட்டது.

"எங்க வீட்டுச் சாராயம் உனக்குக் கசக்குதோ?"

கட்சிக் கட்டளையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள். "அடிப் பாவி! மூணாவது தடவைதான்டி நிஜம். அப்பவும் வேண்டாம்னா நான் என்னன்னு நினைக்கிறது?"

மூன்றாவது தடவைதான் நிஜம். சட்டென்று கேட்டேன்: "எனக்கு ஓட்டுப் போடுவியாக்கா?"

"போடாம? சரி லா."

"நிஜமா?"

"அட, சரிங்கறேன்ல?"

"அக்கா, போடுவியா?"

கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மாட்டேன். சோளத்தையெல்லாம் காட்டுப்பன்னி தின்னுது. உக்யென் மின்வேலி தர்றேன்னு சொல்றார். நீ ஒண்ணுமே சொல்லல."

வலித்தது. ஆனால் இந்த மாதத்தில் என்னிடம் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. இன்னும் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

ஏப்ரல் 2

இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் மூன்று முறை கேட்கிறேன். மூன்றாவதில் ஜனங்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் — பன்றி, குரங்கு, டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி. வேலிக்கு முயற்சி செய்வேன், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறேன். அலுவலகத்தில் இருந்தவளுக்குத் தெரியும், அத்தனை கம்பிக்குப் பணம் கிடையாது.

நாம்கே: "நீ ஓட்டுக் கேக்கப் போறியா, ஓட்டை விரட்டப் போறியா?"

தெரியவில்லை. என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்? வேலையும் இல்ல, ஓட்டும் இல்ல... ஆனா நாளைக்கும் போகணும்.

ஏப்ரல் 21

தோற்றேன். ஜெயித்த உறுப்பினருக்கான நீலத் துண்டு உக்யென் தோளுக்கு.

செப்டம்பர் 14

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பெல்சோம் அக்கா மலையிறங்கி வந்திருந்தாள், கையில் அரா புட்டி.

"வேலி வந்துச்சாக்கா?"

"பன்னிதான் வந்துச்சு." புட்டியைத் திறந்தாள். "அடுத்த தேர்தல்லயும் நில்லு."

"மெஷு மெஷு."

"நில்லுடி."

கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். உள்ளே நாம்கே காய் நறுக்கும் சத்தம் நின்றது.

அவள் மூன்றாவது முறை கேட்டாள்.

ஈரக்கையை எடுத்துவிட்டு, கோப்பையை நீட்டினேன்.